மலையை இடப்பக்கம் வைத்து ஓடிய கார்

முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி வழியில் நின்றால் நம் பிள்ளைகளுக்குப் போனை எடுக்கத்தான் தெரியும். நாமோ பானெட்டைத் திறந்துவைத்து, உள்ளே இருப்பது ஒரு மண்ணும் புரியாமல், ஏழு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்ன கூட்டம். எனக்குப் பத்து வயதில், ஒரு பங்குனி மாதம் முழுக்க எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் அப்படித் திறந்து கிடந்தது. யோசனை சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி எங்கள் வீடு. முன்பக்கம் ஓடு, பின்பக்கம் கூரை வேய்ந்த மாட்டுக் கொட்டாய். மாட்டை விற்றபின் அந்தக் கொட்டாயில் அம்மாவின் தம்பி, என் மாமா, மெக்கானிக் ஷெட் போட்டிருந்தார். ஷெட் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பெஞ்சு, ஒரு டிரம், ஆணியில் தொங்கும் நாலு ஸ்பேனர், எப்போதும் ஒரு மண்ணெண்ணெய் வாடை, அவ்வளவுதான். அதற்கு முன் மாமா ஒரு பஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே ஒரு எஞ்சின் பாழானதற்கு இவர்தான் காரணம் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் இல்லை என்று ஒரு வார்த்தை இவர் சொல்லவில்லையாம். அதனால் ஊரே இவர்தான் செய்தார் என்று முடிவு கட்டிவிட்டது. ஆறு மாதத்தில் ஷெட்டுக்கு வந்தவை இரண்டு மொபெட்டும் ஒரு தண்ணி மோட்டாரும்தான்.

அப்பா தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா. சட்டைப் பையில் இரண்டு பேனா, எதையும் மூன்று முறை சரிபார்க்கும் குணம். கொட்டாயைப் பிரித்துவிட்டு, ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட இரண்டு ரூம் கட்டவேண்டும் என்பது அவருடைய திட்டம்.

"சுத்தி அத்தினி பேரும் ரூம் கட்டிட்டான். நாம மட்டும் கிரீஸ் நாத்தத்துல கெடக்கறோம்" என்பார்.

"என் தம்பிக்கு ஒரு பெரிய வேலை வரட்டும், அப்புறம் பேசுங்க" என்று அம்மா அந்தப் பேச்சைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பெரிய வேலைதான் கார் ரூபத்தில் வந்தது. எங்கள் முன் அறையில் ஒரு வெள்ளைக்காரம்மா குடியிருந்தார். ஐம்பது வயதிருக்கும், நூல் புடவை கட்டுவார், விடியற்காலையில் எங்களுக்கு முன்னாலேயே எழுந்து வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கார் அவருடையது. கப்பலில் கொண்டுவந்தது. இரண்டே பேர் உட்காரலாம், மேலே துணிக்கூரை, தரையோடு தரையாகப் படுத்த பச்சைக் கார். ஸ்டீரிங் நம் ஊர் வண்டிபோல வலப்பக்கம் இல்லை, இடப்பக்கம். எனக்கு அது ஒரு பெரிய தவளை மாதிரிதான் தெரிந்தது. இருபது வயதில் ரேஸ் ஓட்ட வாங்கிய கார் என்று அவர் சொன்னதை நாங்கள் யாரும் நம்பவில்லை. அந்தக் காரில் கார்புரேட்டர் விரிசல் விட்டிருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற உறுப்பு அது. அது போனால் வண்டி வெறும் தகரம்.

அரசாங்கம் கொடுத்த அனுமதிப்படி சித்திரைக்குள் காரோடு அவர் மெட்ராஸில் கப்பல் ஏறியாகவேண்டும். அப்பா கணக்காகச் சொல்லிவிட்டார்: "பௌர்ணமி வரைக்கும் பாப்போம். ஓடலன்னா மெட்ராஸ்ல இருந்து லாரி வரும், காரை ஏத்திகினு போவும். அடுத்த நாளே கொட்டாயப் பிரிக்கறோம். என்னா மாப்ள, சரிதானே?"

மாமா தலையை ஆட்டினார். ஷெட் போட அவருக்கு வேறு இடம் இல்லை என்பது எனக்கே தெரியும்.

முதலில் பழைய கார்புரேட்டர் வெளியே வந்தது. அதன் தலையில் வழவழவென்று ஒரு உலோக மூடி, குட்டிச் சொம்பைக் கவிழ்த்ததுபோல. மாமா அசந்த நேரத்தில் அதை எடுத்து என் சொப்புச் சாமான்களோடு வைத்துக்கொண்டேன். மண்ணில் தண்ணீர் ஊற்றி அதில்தான் குழம்பு வைப்பேன். எவ்வளவு கழுவினாலும் குழம்பில் பெட்ரோல் வாசனை வந்தது. எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும், இன்றைக்கும் பங்கில் நின்றால் ஒரு மூச்சு ஆழமாக இழுப்பேன். பேத்தி என்னைத் திட்டுவாள்.

அசல் கார்புரேட்டருக்கு மெட்ராஸிலும் வழியில்லை. மாமா வேலூர் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, ஒரு டாக்சியிலிருந்து கழற்றிய கார்புரேட்டரைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். துளை பொருந்தவில்லை. தகடு வெட்டி, அரம் வைத்து ராவி, நடுவில் கொடுக்கும் அட்டையை ஒரு பழைய காலண்டரில் கத்தரித்து, ஐந்தாம் நாள் பொருத்திவிட்டார். சாவியைத் திருகியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரம்மா கைதட்டினார். நான் தெருவில் ஓடிப்போய் ஊருக்கெல்லாம் சொன்னேன்.

புது வண்டியோ ரிப்பேரான வண்டியோ, எங்கள் பக்கம் முதல் ஓட்டம் மலையைச் சுற்றித்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பானெட்டில் கற்பூரம், பிறகு கிரிவலம். அப்போதெல்லாம் பௌர்ணமிக்குக்கூட இந்தக் கூட்டம் கிடையாது. புளியமரத்து நிழலில் ரோடு காலியாகக் கிடக்கும். மாமா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு காரை ஓட்டிக்கொண்டு போனார். கிரிவலம் ஆயிற்றே!

முக்கால் மணியில் வரவேண்டியவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். செங்கம் ரோட்டை விட்டு வலப்பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் இருமலாம், நின்றுவிட்டதாம். பானெட்டைத் திறந்து நாலு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடுகிறதாம். மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலையைத் தாண்டியும் அதே கதை.

அன்றைக்குப் பிடித்தது சனி. பகல் முழுக்கக் கார்புரேட்டரைப் பிரிப்பார், ஊதுவார், மண்ணெண்ணெயில் கழுவுவார், மிதவையை வளைப்பார், மாட்டுவார், மறுபடி கிரிவலம் கிளம்புவார். மறுபடி அதே இருமல். பதினோரு தடவை பிரித்தார் என்று எனக்கு ஞாபகம். நீங்கள் கேட்கலாம், அந்த ரோட்டை விட்டால் வேறு ரோடு இல்லையா என்று. மூன்று சுற்று நிற்காமல் சுற்றிவிட்டுத்தான் வண்டியை ஒப்படைப்பேன் என்று மாமா வேண்டிக்கொண்டிருந்தார். வழியில் நின்றாலும் பாதியில் திரும்பிவரக் கூடாது, சுற்றை முடித்துக்கொண்டுதான் வரவேண்டும். அதனால் ஒவ்வொரு தடவையும் அதே ரோடு, அதே பக்கம்.

ஊரார் யோசனைக்குக் குறைவில்லை. "டாக்சி சாமானை ரேஸ் காருக்கு வெச்சா ஏத்துக்குமா?" என்றார் எதிர் டீக்கடைக்காரர். அப்பா, "ஆட்டுத் தலைய மாட்டுக்கு ஒட்டற வேலை" என்றார். அவருக்கு வேறொரு பயமும் இருந்தது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கூரை பற்றி எரிந்ததைப் பார்த்தவர். கூரைக் கொட்டாய்க்குப் பக்கத்தில் ஒரு டேங்க் பெட்ரோலா என்று பதறுவார். "மூணு லிட்டருக்கு மேல ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது" என்று சட்டம் போட்டு, மாமா கேனைத் தூக்கிவரும்போதெல்லாம் வாசலில் நின்று அளவு பார்ப்பார். பெட்ரோல் அளவு காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. அதனால் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அந்த வேலூர் கார்புரேட்டர் மேலேயே இருந்தது.

பௌர்ணமி நெருங்க நெருங்க மாமா சாப்பிடுவது குறைந்துபோனது. ஒரு மத்தியானம் பெஞ்சில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். அந்தச் சொம்பு மூடியை நான் எடுத்து ஒளித்ததால்தான் வண்டி ஓடவில்லை என்று நிச்சயமாக நம்பினேன். மூடியைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டு, "மாமா, நான்தான் எடுத்தேன், என்னை அடிச்சிடுங்க" என்று ஓவென்று அழுதேன்.

மூடிக்குள் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணைச் சுரண்டிப் பார்த்தார். "இதுல இன்னா சமைச்ச?"

"கத்திரிக்கா கொழம்பு."

"அதான் ஒட்டிகினு கீது" என்று சிரித்தார். அது பழையதின் மூடி, புதியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வேறொருவராக இருந்திருந்தால் அந்த மாத எரிச்சலை எல்லாம் என் முதுகில் இறக்கியிருப்பார். பிறகு வீடு மாறினபோது அந்த மூடி எங்கேயோ போய்விட்டது. தேடாத பரண் இல்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை. மறுநாள் லாரி வரப்போகிறது. மாமா கடைசி முயற்சியாகக் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். அம்மா பிறந்த ஊரான அடி அண்ணாமலையில் மல்லாட்டைக் கொல்லைக்கு (நிலக்கடலைதான்) தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த தாத்தாவுக்கு அம்மா மோர் கொண்டுபோகவேண்டியிருந்தது. வெயிலில் எதற்கு நடக்க வேண்டும்?

"சும்மா போற வண்டிதானே" என்று தூக்குவாளியோடு ஏறி உட்கார்ந்துகொண்டாள். சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்கும் இடுக்கில் நான் சுருண்டுகொண்டேன்.

ஸ்டீரிங் இடப்பக்கம் இருந்ததால் மாமா இடப்பக்கம், அம்மா வலப்பக்கம். தூக்குவாளியின் மூடி லொடலொடவென்று இருக்கும். செங்கம் ரோட்டை விட்டு வலப்பக்கம் வேகமாகத் திரும்பியதும் மோர் சளக்கென்று மாமாவின் காக்கிக் கால்சட்டையில் கொட்டியது. நூறடி போனோம். கார் இருமியது, நின்றது. மாமா இறங்கிப் பானெட்டைத் திறந்தார். அம்மா முந்தானையால் வாளியைத் துடைத்தாள். மறுபடி கிளம்பி, அடி அண்ணாமலைக்கு முந்தின வளைவில் மறுபடி மாமா மேல் மோர். நூறடி தாண்டி மறுபடி இருமல்.

தாத்தா பாதி வாளி மோரைப் பார்த்து, "மீதி எங்க?" என்றார்.

"உங்க புள்ள குடிச்சிட்டான், காலால" என்றாள் அம்மா. பிறகு பம்பு செட்டுத் தொட்டியில் வாளியைக் கழுவி, கழுத்துவரை தண்ணீர் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி எதுக்குக்கா?"

"நீ ஓட்டுடா."

அடுத்த வளைவு வந்தது. அம்மா வாளியை மடியில் நேராகப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்தாள். தண்ணீர் இடப்பக்கம் ஏறி, மாமா மேல் கொட்டியது. வழக்கம்போல நூறடி தாண்டிக் கார் நின்றது. மாமா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கப் போனார்.

"டேய், உக்காரு. ரெண்டு தடவ மோரு, ஒரு தடவ தண்ணி. மூணு தடவையும் உம் மேலதான் கொட்டுச்சு. கொட்டின கையோட வண்டி நின்னுச்சு. என் மடியில இருக்கறது சாயுதுன்னா, டேங்குக்குள்ள இருக்கறது மட்டும் நேரா உக்காந்திருக்குமா?"

மாமா அவளையே பார்த்தார். பிறகு மெதுவாக, "டேங்க்ல உறியற கொழா வலது ஓரத்துல கீது" என்றார். "வலது பக்கம் திரும்பனா பெட்ரோலு இடது பக்கம் ஒதுங்கிடும். கொழா காத்தத்தான் குடிக்கும். வண்டி நின்னா மறுபடி சமமாயிடும், நான் தட்டினதாலதான் ஓடுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்." கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நாம எப்பவும் வலதாத்தானேக்கா திரும்பறோம்!"

மலையை வலம் வந்தால் வளைவெல்லாம் வலப்பக்கம்தான் இருக்கும். ஒரு மாதமாக அந்தக் காரை இடப்பக்கம் வேகமாகத் திருப்பிப் பார்த்த ஆளே இல்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப வண்டியத் திருப்பு. வந்த வழியே போய்ப் பாக்கலாம்" என்றாள் அம்மா.

மாமாவுக்கு முகம் மாறியது. "மலைய இடது கைப் பக்கம் வெச்சிகினா? வேண்டுதல்கா!"

"வேண்டுதலை நாளைக்கு முடி. கல்யாணத்துக்கு முன்ன நான் தெனம் இந்த ஊருல இருந்து டவுனுக்குப் பால் எடுத்துகினு போனேன். போறப்ப ஒரு பக்கம், வர்றப்ப ஒரு பக்கம். பாதி நேரம் மலை எனக்கு இடது கைப் பக்கம்தான் இருந்துச்சு. பால் என்னிக்காவது திரிஞ்சுதா? திருப்புடா!"

மாமா மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திருப்பினார். முதல் வளைவு. தண்ணீர் இந்தத் தடவை அம்மாவின் புடவையில் கொட்டியது. நூறடி. இருநூறடி. கார் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த வளைவிலும் நிற்கவில்லை. மாமா வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினார். நான் பின்னால் இடுக்கில் கிடந்து கத்திய கத்தலுக்குப் புளியமரத்துக் குரங்கெல்லாம் ஓடியிருக்கும்.

வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர். எதிர்த் திசையிலிருந்து கார் வருவதைப் பார்த்ததும் முதலில் பதறியது வெள்ளைக்காரம்மாதான். "ஐயோ தம்பி, அப்பிரதட்சிணம்! கூடாது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் எல்லாரையும்விட அவருக்குப் பக்தி ஜாஸ்தி. அவர் கப்பலைப் பிடித்தார், அந்தக் கார்புரேட்டரோடு ஊரில் பத்து வருஷம் ஓட்டினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மறந்தாலும் மறந்துவிடுவேன்.

மாமா விஷயத்தை விளக்கினார். டேங்க் முக்கால்வாசி இருந்திருந்தால் இந்தக் கோளாறு வந்தே இருக்காது, கார்புரேட்டரில் குறை ஒன்றும் இல்லை என்றார். வெள்ளைக்காரம்மா நிதானமாகக் கேட்டார்: "தம்பி, பெட்ரோல் ஏன் இவ்வளவு கம்மி? யார் சொன்னது?"

மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தாம்மா. செலவு கம்மியாவட்டும்னு வுட்டுட்டேன்."

டீக்கடைக்காரர் கெக்கெக்கே என்று சிரித்தார். "பெட்ரோலே ஊத்தாம ஒரு மாசமா ரிப்பேர் பாத்திருக்கான்யா! அந்த பஸ் கம்பெனிக்காரன் சும்மாவா அனுப்பினான்?" கூட்டமும் சிரித்தது. வெள்ளைக்காரம்மாவின் முகம் வாடியது. மாமா தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அப்பா ஆபீசுக்குக் கிளம்பி, சைக்கிள் பெடலில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தார். போயிருக்கலாம். போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மாமா செத்தாலும் சொல்லமாட்டார். அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா காலை எடுத்து, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். கூட்டத்துக்கு நடுவில் வந்தார்.

"அவன் இல்லிங்க. ஊத்த வேணாம்னு சொன்னது நானு. மூணு லிட்டருக்கு மேல வரக்கூடாதுன்னு வாசல்ல நின்னு அளந்ததும் நானு. தப்பு என்னுது." பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "ஏன் மாப்ள, பஸ் கம்பெனியிலயும் இப்படித்தான் வாய மூடிகினு இருந்தியா?"

மாமா கையைத் துடைப்பதை நிறுத்தினார். டீக்கடைக்காரர் கடையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் முப்பத்து நாலு வருஷம் எங்கள் டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டினேன். "கீழே இருப்பவர் கவனக்குறைவு" என்று எத்தனையோ கோப்பில் படித்திருக்கிறேன். "தப்பு என்னுது" என்று பலர் முன்னால் ஒருவர் சொல்லிக் கேட்டது மொத்தமாக இரண்டு மூன்று தடவை இருக்கும். நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு தடவை சொல்லாமல் விட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. அப்பாவைக் கஞ்சன், பயந்தாங்கொள்ளி, மாமாவின் எதிரி என்றெல்லாம் அந்த வயதில் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அந்தக் காலை நேரத்தில் நான் அங்கே நின்று அதைக் கேட்டதற்காக இன்றுவரை கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். அப்பா, உங்களுக்கும்.

அன்று அப்பா அரைநாள் லீவு போட்டார். சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன் கட்டி, பெட்ரோலைக் கண்டால் நடுங்கும் மனுஷன் தானே பங்குக்குப் போய்வந்தார். மூன்று நடை. புனலைத் தானே பிடித்துக்கொண்டு தானே ஊற்றினார். டேங்க் நிறைந்ததும் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு, "எனக்கு எடம் இருக்குதா?" என்று கேட்டார். மாமா ஓட்டிய எந்த வண்டியிலும் அவர் அதுவரை ஏறியதில்லை.

வெள்ளைக்காரம்மா புதுசாக எலுமிச்சம்பழம் வைத்தார். துணிக்கூரையை மடித்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள், இந்தத் தடவை மலையை வலப்பக்கம் வைத்து. அம்மா சமையலுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றாள். நான் நூறுவரை எண்ணுவேன், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். முக்கால் மணி ஆவதற்குள் டவுன் பக்கமிருந்து பச்சையாக ஏதோ தெரிந்தது. எங்கள் வாசலில் நிற்காமல், கையை மட்டும் காட்டிவிட்டு இரண்டாவது சுற்றுப் போனார்கள். மூன்றாவது சுற்றும் போனார்கள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

மூன்றும் முடிந்து கார் வாசலில் நின்றபோது அப்பாவின் முடியெல்லாம் காற்றில் கிளம்பி நட்டமாக நின்றது. பாக்கெட்டில் இரண்டு பேனாவில் ஒன்று காணோம். இறங்கி, வேட்டியை உதறி, கொட்டாய்ப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, ஷெட்டுக்கு ஒரு போர்டுகூட இல்ல பாரு. சாயந்திரம் பெயிண்ட் வாங்கிகினு வரேன். நானே எழுதறேன்."

மாமா இறங்கவே இல்லை. ஸ்டீரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார். அழுகிறவரை என்ன செய்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "எந்தக் கலர்ல எழுதட்டும், சொல்லு மாப்ள. எந்தக் கலர்ல எழுதட்டும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்.